மெதெயினில் ஒரே ஒரு பகல்: பொத்தேரோவின் வெண்கலமா, கொமூனா 13-இன் சுவர்களா?

மெதெயினில் ஒரு நாள்தான் இருப்பேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: கொமூனா 13-க்குப் போய்விடுங்கள். சுவரோவியங்களுக்குப் பேர்போன மலைச்சரிவுக் குடியிருப்பு அது. ஓட்டல் வரவேற்பில் இருக்கும் பெண் சொல்வார், டாக்சிக்காரர் சொல்வார், இன்ஸ்டாகிராம் சொல்லிக்கொண்டே இருக்கும். நானும் அப்படித்தான் முதலில் அங்கே போனேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால், அந்த ஒரு நாளைப் பொத்தேரோவின் வெண்கலச் சிலைகள் நிற்கும் நடு ஊருக்குக் கொடுங்கள் என்கிறேன். கொமூனா 13 நேரமும் துணையும் கேட்கிற இடம். இரண்டும் இல்லாமல் போனால் போனில் நாற்பது படம் சேரும், அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். உங்கள் கால்வலி, உங்கள் ஸ்பானிஷ், உங்கள் பொறுமை எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.

நம் பத்திரிகைகள் 'மெடலின்' என்று எழுதுகிற ஊர்தான் இது. ஊர்க்காரர்கள் சொல்லும்போது கிட்டத்தட்ட 'மெதெஜின்' என்று காதில் விழும். கொலம்பியாவின் இரண்டாவது பெரிய நகரம். ஏற்காட்டின் உயரம்தான், சுமார் 1,500 மீட்டர். ஆந்தீஸ் மலைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கிற பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி மெட்ரோ. இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்கச் செங்கல் வீடுகள். பழைய நகரமும் அலுவலகங்களும் பள்ளத்தில் இருக்கின்றன. சரிவில் இருப்பவற்றில் நிறையப் பகுதிகள், கிராமத்து வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள் தாங்களே பலகையும் செங்கல்லும் சேர்த்துக் கட்டிக்கொண்டவை. நான் ஒப்பிடப்போகிற இரண்டு இடங்களில் ஒன்று பள்ளத்தில், இன்னொன்று சரிவில்.

போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் பெயரில் ஒரு சுற்றுலாவையும் விற்கிறார்கள். கல்லறை, வீடு இருந்த இடம், டி-ஷர்ட். அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவனால் பிள்ளைகளை இழந்தவர்கள் இன்னமும் அதே ஊரில் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நடு ஊர். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் போப்லாதோ பகுதியில்தான் தங்குவார்கள். அங்கிருந்து மெட்ரோவின் ஏ தடத்தில் வடக்கே ஐந்தாவது நிறுத்தம் பெர்ரியோ பூங்கா. 1995-இல் ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோ நடு ஊரில் தூண்கள் மேலே போகிறது. அதனால் பிளாட்பாரத்தில் நின்றபடியே கீழே பொத்தேரோ சதுக்கத்தின் கரிய, குண்டு குண்டான உருவங்களைப் பார்த்துவிடலாம். இறங்குவதற்கு முன் அங்கேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள். சிலைகளைச் சுற்றி நடக்கிற வியாபாரம் மேலிருந்துதான் நன்றாகத் தெரியும்: தொப்பிக்காரர், லாட்டரிக்காரர், பிளாஸ்க்குகளை அடுக்கிய தள்ளுவண்டியில் 'தின்தோ' என்கிற கறுப்புக் காப்பி விற்கும் அம்மா, வேறு வேலையே இல்லாததுபோல் சிலைப் பீடத்தில் சாய்ந்திருக்கும் பெரியவர்கள்.

ஓவியரும் சிற்பியுமான பெர்னாந்தோ பொத்தேரோ இந்த ஊரில் 1932-இல் பிறந்தவர், 2023 செப்டம்பரில் மறைந்தார். இந்தச் சதுக்கத்தில் இருக்கும் 23 வெண்கலச் சிலைகளும் அவர் ஊருக்குக் கொடுத்தவை. ஊதிப் பெருத்த குதிரை, ஊதிப் பெருத்த ரோமானியச் சிப்பாய், தரையிலிருந்து முளைத்தது போன்ற ஒரு பெரிய கை. வேலி இல்லை, கண்ணாடி இல்லை, தொடாதே என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே தொடுகிறார்கள். தொட்டால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை வேறு. நம்மூர்க் கோயில் தூணில் கை பட்டுப் பட்டுச் சிற்பத்தின் முகம் கருத்து வழவழப்பாகிவிடும் அல்லவா, இங்கே வெண்கலம் என்பதால் தொட்ட இடமெல்லாம் பொன்னிறம். உடம்பு கறுப்பு, மூக்கு தங்கம், முழங்கால் தங்கம். சிப்பாய்க்கு எந்த இடம் பளபளக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஊர் தன் சிலைகளை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதற்கு அந்தப் பளபளப்பே அத்தாட்சி. குழந்தைகள் நாயின் மேல் ஏறுகிறார்கள், அப்பாக்கள் தூக்கிவிடுகிறார்கள்.

அழகான பக்கத்தை மட்டும் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். சதுக்கத்தின் ஓரத்தில் வெராக்ரூஸ் தேவாலயத்தைச் சுற்றிப் பாலியல் தொழில் பகலிலேயே நடக்கும். போதையில் சுருண்டு கிடப்பவர்கள் இருப்பார்கள். 2023-இல் இந்தச் சதுக்கத்தையே போலீஸ் தடுப்புகளால் அடைத்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். அது சரியா தவறா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கொலம்பியர்கள் 'பப்பாளியைக் கொடுக்காதே' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். திருடனுக்கு நீயே வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டாதே என்று பொருள். இங்கே அதை அப்படியே கடைப்பிடியுங்கள்: போன் பைக்குள், பை மார்போடு.

சதுக்கத்துக்கு எதிரிலேயே அந்தியோக்கியா அருங்காட்சியகம். மேல்மாடியில் பொத்தேரோவின் ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தி வைத்தவர் வேறொருவர். இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மாநகராட்சி அலுவலகம். 1930-களில் பெத்ரோ நெல் கோமெஸ் என்ற ஓவியர் இதன் சுவர்களில் ஈரச்சாந்தின் மேல் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்தார். தங்கம் அரிக்கும் கூலிகள், பசித்த குழந்தை முன் காலி மேசை, ஆடையில்லாத உடம்புகள். வரி கட்ட வருகிறவர் கண்ணில் இதெல்லாம் படவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தது; கொஞ்ச காலம் திரை போட்டுக்கூட மறைத்தார்கள். மெதெயின் சுவரில் எதை வரையலாம், யார் அழிக்கலாம் என்ற தகராறு ஸ்பிரே டப்பா வருவதற்கு ஐம்பது வருடம் முன்பே தொடங்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டுக் கொமூனா 13 போனால் அங்குள்ள சுவர்கள் வேறு மாதிரி தெரியும். அருங்காட்சியகத்துக்குள் போக மனமில்லாதவர்களுக்காக இதே ஓவியரின் இன்னொரு நீண்ட சுவரோவியம் பெர்ரியோ மெட்ரோ நிலையத்திலேயே இருக்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட, தேவாலயமா கோட்டையா என்று புரியாத ஒரு கட்டடம் நிற்கும். அது உரிபே உரிபே பண்பாட்டு மாளிகை. ஒரு பெல்ஜியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து ஹுனின் தெருவுக்கு நடக்கலாம். வண்டிகள் வராத தெரு. முன்பெல்லாம் நல்ல உடை உடுத்திக்கொண்டு சும்மா இந்தத் தெருவில் மேலும் கீழும் நடப்பதற்கென்றே இந்த ஊரில் ஒரு வினைச்சொல் இருந்தது: 'ஹுனினியார்'. ஹுனினிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது செருப்புக் கடையும் போன் உறைகளும்தான் அதிகம். 1930-இலிருந்து இருக்கும் ஆஸ்தோர் என்ற பலகாரக் கடையில் மட்டும் பாட்டிமார்கள் இன்னும் ஜோடித்துக்கொண்டு வந்து உட்கார்கிறார்கள். தெரு முடிவில் பொலிவார் பூங்காவும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல்லால் கட்டிய பேராலயமும். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் அந்தப் பூங்காவில் கைவினைச் சந்தை கூடும். உங்கள் தேதி அப்படி அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், நடு ஊர்தான்.

நடக்கும்போது எங்காவது மாங்காய் வண்டி தட்டுப்படும். பழுக்காத மாங்காயை நீள நீளமாகச் சீவிப் பிளாஸ்டிக் டம்ளரில் செங்குத்தாக நிறுத்தி, எலுமிச்சை பிழிந்து, உப்பைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். 'மாங்கோ பிச்சே' என்று பேர். நான் வாங்கியபோது மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று கையாலேயே கேட்டேன். அந்த ஆள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மற்றபடி மெரினாவில் நிற்கிற மாதிரியேதான் இருந்தது.

இப்போது நான் நடு ஊரைச் சொல்வதற்கான முதல் காரணத்துக்கு வருகிறேன். ஹுனினிலிருந்து தெற்கே திரும்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சான் ஆந்தோனியோ பூங்கா. பூங்கா என்று பேர். கல் பாவிய பெரிய வெட்டவெளி. அங்கே பொத்தேரோவின் பறவை ஒன்று நின்றது. 1995 ஜூன் 10 அன்று, இசைவிழாவுக்குக் கூட்டம் கூடியிருந்த இரவில், அந்தச் சிலைக்கடியில் வைத்த குண்டு வெடித்தது. 23 பேர் இறந்தார்கள், இருநூறு பேர் அளவில் காயம். அப்போது பொத்தேரோவின் மகன்தான் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். கிழிந்த சிலையை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். பொத்தேரோ அது அங்கேயே இருக்கட்டும் என்றார். 2000-இல் அதே மாதிரி இன்னொரு பறவையைச் செய்து கொடுத்து, அதைப் பழையதின் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

இரண்டும் இன்று அருகருகே நிற்கின்றன. ஒன்று வழக்கமான பொத்தேரோ: உருண்டை மார்பு, சின்னக் கண், சாப்பிட்டுவிட்டு நிற்கும் திருப்தி. மற்றதின் வயிறு திறந்து கிடக்கிறது. வெண்கலம் தகரம் மாதிரிச் சுருண்டு மடங்கியிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் சிலை வெறும் ஓடு, தடிமன் விரலளவுகூட இருக்காது என்று தெரிகிறது. சதுக்கத்தில் அவ்வளவு கனமாகத் தெரிந்த சிலைகள் எல்லாம் உள்ளே வெறுமைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறந்தவர்களின் பெயர்கள் பீடத்தில் இருக்கின்றன. நான் போன மதியம் ஒரு பையன் அந்தப் பீடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வழிகாட்டி இல்லை, டிக்கெட் இல்லை, பின்னணி இசை இல்லை. எந்த மொழியும் தெரியாத ஆளுக்குக்கூட இந்த இரண்டு பறவைகளும் புரியும். கொமூனா 13 அப்படிப் புரிந்துவிடாது.

அங்கே என்ன நடந்தது என்றால், நான் முதல்முறை போனது சனிக்கிழமை மதியம், தனியாக. சான் ஆந்தோனியோ நிலையத்தில் பி தடத்துக்கு மாறிக் கடைசி நிறுத்தமான சான் ஹவியேரில் இறங்கி, சின்ன பஸ் பிடித்து மேலே போனேன். போய்ச் சேருவது சுலபம். மலைச்சரிவில் ஏறுவதற்கு எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள், அதன் அடிவாரத்திலிருந்தே கூட்டம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பாட்டு. ஆடுகிற பையன்கள், தொப்பி நீட்டுகிற பையன்கள், படம் எடுக்க வரிசை. சுவர்கள் எல்லாம் பெண்களின் முகங்கள், பறவைகள், கண்கள். எது எதற்கு என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாங்காய் ஐஸ் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்த ஐஸ் அருமை, அதைக் குறை சொல்லவே முடியாது: உறைந்த மாங்காய்ச் சாறு, மேலே உப்பும் எலுமிச்சையும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பகுதியிலேயே வளர்ந்த ஒருவரோடு மறுபடி போனேன். அதே சுவர்கள்தான், ஆனால் வேறு ஊர். முதல் நிமிடத்திலேயே அவர் கேட்டார்: "வெள்ளைத் துணி எத்தனை இடத்தில் வருகிறது, எண்ணிப் பாருங்கள்." 2002 மே மாதம் அரசுப் படைகள் இங்கே ஒரு நடவடிக்கையில் இறங்கின. நாள் முழுக்கச் சூடு. அடிபட்ட குழந்தைகளை எடுத்துப்போக வழியில்லை. ஜனங்கள் ஜன்னலிலும் மொட்டை மாடியிலும் வெள்ளைத் துணிகளை, கைக்குட்டைகளை, கையில் கிடைத்ததை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தத் துணிதான் இன்று சுவர்களில் வந்துகொண்டே இருக்கிறது. சனிக்கிழமை அதன் முன்னால் நின்று நானும் ஒரு செல்பி எடுத்திருந்தேன்.

அதே ஆண்டு அக்டோபர் 16-இல் ஒரியோன் நடவடிக்கை. கெரில்லாக் குழுக்களின் பிடியிலிருந்த இந்தச் சரிவில் ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டர்களோடு இறங்கின. அதற்குப் பின் பகுதியைக் கைக்குள் வைத்துக்கொண்டது கெரில்லாக்களுக்கு எதிரான துணைப்படைக் கும்பல்கள். ஆட்கள் காணாமல் போனார்கள். எதிரே தெரியும் குன்றின் கட்டட இடிபாட்டுக் குப்பைமேட்டில், எஸ்கொம்ப்ரேராவில், பிள்ளைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பைத்தியம் என்றவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் அங்கே தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதமே நகரத்தில் ஒரு சுவரில் 'லாஸ் குச்சாஸ் தியேனென் ரசோன்' என்று எழுதினார்கள். 'குச்சா' என்பது அம்மாவை, வயதான பெண்ணை உரிமையோடு அழைக்கிற கொச்சைச் சொல். நம் பேச்சில் 'ஆத்தாமார் சொன்னதுதான் சரி' என்று வரும். மாநகராட்சி அதன்மேல் சாம்பல் வண்ணம் அடித்தது. உடனே திரும்ப எழுதினார்கள், இந்த ஊரில் மட்டுமின்றி மற்ற ஊர்களிலும். பெத்ரோ நெல்லின் திரை நினைவுக்கு வருகிறதா?

எஸ்கலேட்டர் பற்றியும் சொல்லவேண்டும். 2011 டிசம்பரில் திறந்தார்கள். ஆறு பகுதிகள், மொத்தம் 384 மீட்டர். முன்பு 28 மாடி ஏறுவதற்குச் சமமான படிக்கட்டு அது. அரை மணி நேர ஏற்றம் ஆறு நிமிடமாகச் சுருங்கியது. கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறியவர்களுக்காகக் கட்டியது. இப்போது சனி ஞாயிறில் அவர்களே வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்கிறார்கள். சுற்றுலாவால்தான் அடுப்பு எரிகிறது என்பவர்களும் அதே சந்தில் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசெவேதோ நிலையத்திலிருந்து சாந்தோ தோமிங்கோவுக்கு 2004 முதல் கேபிள் கார் போகிறது. நகரப் போக்குவரத்தாகவே கட்டியது. மேலிருந்து கூரைகளைப் பார்க்கலாம். மான்ரிக்கே பகுதியில் தாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெலின் சிலை இருக்கிறது. 1935-இல் அவர் விமான விபத்தில் இறந்தது இந்த ஊரில்தான். இவை இரண்டாவது, மூன்றாவது நாளுக்கு.

இனி கணக்கு. முழங்கால் வலிக்காரருக்கும், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவருக்கும் நடு ஊர்தான். எஸ்கலேட்டர் இருந்தாலும் கொமூனா 13-இல் சந்துகளும் படிகளும் தப்பாது. திருட்டுப் பயம் அதிகம் என்றால், விந்தையாக இருக்கும், பகலில் கொமூனாவின் சுற்றுலாப் பாதை நடு ஊரைவிட நிம்மதி. பாதையை விட்டு மேலே தனியாகப் போகாதவரை. ஸ்பானிஷ் தெரியாது, வழிகாட்டிக்கும் செலவழிக்கப்போவதில்லை என்றால் நடு ஊர். வழிகாட்டி வைக்கத் தயார், வார நாள் காலை கிடைக்கிறது என்றால், கொமூனா 13 நிச்சயம் நியாயமான போட்டி. இந்த ஒரு நிலையில் மட்டும் நான் மனம் மாறுவேன். அங்கே பிறந்து வளர்ந்தவராகப் பார்த்து வையுங்கள், நடு ஊரிலிருந்து கூட்டிப்போகிறவர் வேண்டாம். சனி ஞாயிறு மதியம் என்றால் கொமூனா பக்கமே போகாதீர்கள். ஆனால் ஞாயிறு மதியத்துக்கு மேல் நடு ஊரிலும் கடை சாத்தி, தெரு வெறிச்சோடி, ஒரு மாதிரி ஆகிவிடும். ஞாயிறு என்றால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை நாள் கிடைத்தால் வரிசையை மாற்றவேண்டாம். முதலில் நடு ஊர், சுவரோவியங்கள், இரண்டு பறவைகள். மறுநாள் காலை மலைச்சரிவு. நடு ஊரின் சிஸ்னேரோஸ் சதுக்கத்தில் 300 உயரமான விளக்குக் கம்பங்களை நட்டு 2005-இல் திறந்த ஒளிப் பூங்கா இருட்டினால்தான் அழகு என்பார்கள். அழகுதான். ஆனால் இருட்டியபின் அந்தப் பக்கம் தனியாகச் சுற்றச் சொல்லமாட்டேன். மாலை ஆறுக்கெல்லாம் மெட்ரோ ஏறிவிட்டேன் நான்.

மழையைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த ஊரில் மதியத்துக்கு மேல் அது சொல்லாமல் வரும். கொமூனா எஸ்கலேட்டர்களின் மேல் ஆரஞ்சு நிறக் கூரை உண்டு, ஓவியங்கள் எல்லாம் கூரைக்கு வெளியே. நடு ஊரில் மழை பிடித்தால் அருங்காட்சியகத்துக்குள் ஓடலாம், இல்லையென்றால் மெட்ரோ பாலத்தின் அடியில் ஊரோடு சேர்ந்து ஒதுங்கலாம். நான் ஒதுங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கை நிறையக் குடைகளோடு ஒருவர் வந்து நின்றார். சற்று முன் எனக்கு மாங்காய் விற்ற அதே ஆள்தான்.